நம் பிள்ளைகளுக்கும் ஓர் ஆட்டக்களம்

(சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த நாம் கூலியைப் பற்றிப் பேசுகிறோம். குடியிருக்க இடம் கேட்கிறோம். ரேஷன் கார்டுக்கு அலைகிறோம். மாலை நேரத்தில் நம் பிள்ளைகள் எங்கே, யாரோடு இருக்கிறார்கள் என்று மட்டும் பேசுவதில்லை. இன்று அதைப் பேசுவோம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் கிளார்க்ஸ்டன் என்றொரு சிற்றூர். சோமாலியா, சூடான், லைபீரியா, ஆப்கானிஸ்தான் என்று போரில் சிதறிய நாடுகளின் அகதிகள் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். ஜோர்டானில் பிறந்த லூமா முஃப்லே என்ற பெண்மணி 2004இல் அங்கே சில சிறுவர்களைப் பார்த்தார். வெறுங்கால், கிழிந்த பந்து, கோல் கம்பத்துக்குப் பதில் கல். அவர்களைக் கொண்டே ஒரு கால்பந்து அணி கட்டினார்.

பந்து கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. நாட்டுக்கொரு கூட்டமாகப் பிரிந்து நிற்கக்கூடாது, பயிற்சியோடு பாடமும் கட்டாயம் என்று விதித்தார். ஊர்ப் பூங்காவில் பேஸ்பால்தான், கால்பந்து கூடாது என்று 2006இல் மேயர் மறித்தார். அணி கலையவில்லை. 2007இல் அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடமே பிறந்தது.

இதில் நமக்கென்ன? அவர்கள் நாடிழந்தவர்கள், நாம் சொந்த நாட்டில் மாநிலம் மாறியவர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் "நீ எந்த ஊர்?" என்ற கேள்வி நம் பிள்ளையையும் குத்துகிறது. 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியர் அடிபட்டதை நம் மூத்தவர்கள் மறக்கவில்லை.

நம்மிடம் சடுகுடு இருக்கிறது. அதையே மராத்தியர் ஹுதுது என்றார்கள். இன்று இரண்டுமே கபடி. அணிக்கு ஏழு பேர், நடுவே ஒரு கோடு, ஒரே மூச்சு, பந்துகூட வேண்டாம். பிடிபட்டு வெளியே போனவன் அப்படியே போய்விடுவதில்லை. எதிரணியில் ஒருவனைத் தன் அணி வீழ்த்தினால் மீண்டும் உள்ளே வருகிறான். தன்னை மீட்டவன் மராத்தியா, தமிழனா, பீகாரியா என்று எந்தப் பிள்ளை கேட்கும்?

ஆகவே, தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் தனி அணி வேண்டாம். சாதி பார்த்துச் சேர்க்கும் அணி வேண்டவே வேண்டாம். பெண்பிள்ளைகளைத் தண்ணீர்க் குடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்கும் அணி வேண்டும். மாநகராட்சிப் பள்ளி மைதானத்தை மாலையில் திறந்துவிடக் கேட்டு மனுக் கொடுப்போம். அண்டைவீட்டு மராத்தித் தாயின் கையெழுத்தையும் அதில் வாங்குவோம்.

விளையாட்டு கூலியை உயர்த்தாது, வாடகையைக் குறைக்காது. ஆனால் ஒரே அணியில் கைகோத்து ஆடிய பிள்ளைகளை, நாளை மொழியைச் சொல்லி மோதவிடுவது எவனுக்கும் எளிதாக இராது.