சமுதாயக் கல்லூரியும் வைத்தியக் கல்லூரி வாயிலும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற கூட்டம் முடிந்து வெளியே வருகையில் அங்கத்தவர் ஒருவர் எம்மை மறித்து ஒரு கேள்வி கேட்டார். அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறியுள்ள அவருடைய தமையனாரின் மகள் வைத்தியராக விரும்புகிறாள். வீட்டில் பண வசதி போதாமையால் முதல் இரண்டு ஆண்டும் அவ்வூர்ச் சமுதாயக் கல்லூரியிலே படிக்கப் போகிறாள். "சின்னப் பள்ளிக்கூடத்தில் விட்டுப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பாழாக்குகிறார்கள்" என்று இங்குள்ள பெரியவர்கள் மனம் நொந்திருக்கிறார்களாம். அன்று எம்மால் தக்க மறுமொழி சொல்ல இயலவில்லை. பின்னர் விசாரித்து அறிந்ததை இன்று சொல்லுகிறோம்.

அமெரிக்காவிலே பள்ளிப்படிப்பு முடிந்தவுடன் வைத்தியக் கல்லூரியிற் சேர்வது வழக்கமன்று. முதலில் நான்காண்டுப் பட்டப்படிப்பு. அதன் பின்னரே நான்காண்டு வைத்தியப் படிப்பு. முதற் பட்டத்தின்போதே உயிரியல், இரசாயனம், சேதன இரசாயனம், பௌதிகம் ஆகியவற்றை ஆய்வுகூடப் பயிற்சியுடன் முடித்திருத்தல் வேண்டும். சமுதாயக் கல்லூரி என்பது அவ்வவ்வூர் மக்களுக்கென ஏற்பட்ட ஈராண்டுக் கல்லூரி. 1901ஆம் ஆண்டில் இல்லினோய் மாநிலத்து ஜோலியெற் நகரில் தொடங்கியது இன்றும் நடைபெறுகிறது. 2023-24இல் இத்தகைய கல்லூரிகளின் சராசரி ஆண்டுக் கட்டணம் ஏறக்குறைய 4,000 டொலர்; அரச பல்கலைக்கழகங்களிலோ அம்மாநிலத்தவர்க்கே 11,000 டொலருக்கு மேல். ஏழைத் தகப்பன் எதைத் தெரிவான்?

இனி, விண்ணப்பத்துக்கு வருவோம். பெரும்பாலான வைத்தியக் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பச் சேவை ஒன்றுண்டு. அங்கே மாணவன் படித்த ஒவ்வொரு கல்லூரியின் பெறுபேறும் காட்டப்படல் வேண்டும். பள்ளிப் பருவத்திலே சமுதாயக் கல்லூரியில் ஒரேயொரு பாடம் எடுத்திருந்தாலும் அதுவும் சேரும். சித்தியடையாத பாடத்தை மீண்டும் படித்தால் இரண்டு பெறுபேறுகளும் கணக்கில் ஏறும். இங்கே உயர்தரப் பரீட்சைக்கு மறுமுறை தோற்றுவோர் புதிய பெறுபேற்றுடன் விண்ணப்பிப்பது போலன்று அங்கே.

சமுதாயக் கல்லூரிப் பாடங்களை ஏற்பதிலே கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறு. சில தயக்கமின்றி ஏற்கும்; சில நான்காண்டுக் கல்லூரியிற் படித்ததையே விரும்பும். கடினமான வகுப்பிலும் இம்மாணவன் இதே புள்ளியை எடுப்பானா என்பதுதான் அவர்களுடைய ஐயம். அதற்கு மறுமொழி, பல்கலைக்கழகத்துக்கு மாறிய பின்னர் உயிர் இரசாயனம், உடற்றொழிலியல் போன்ற மேற்பாடங்களில் எடுக்கும் நல்ல புள்ளியும், 472 முதல் 528 வரை புள்ளியிடப்படும் எம்கற் பரீட்சையும் ஆகும். ஐயம் முற்றிலும் அநியாயமன்று. ஆனால், பல்கலைக்கழகத்துக் கடினமான வகுப்புக்கு அஞ்சிக் கோடை விடுமுறையில் இலகுவான வகுப்பைத் தேடி வந்தவனையும், வறுமையினால் அவ்வாயிலில் நுழைந்தவளையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியாகாது என்பது எம் கருத்து. 2012ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளிற் சேர்ந்தோருள் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஏதோவொரு காலத்தில் சமுதாயக் கல்லூரியிற் படித்தவர்களே. பெரியவர்கள் இதனைக் கவனிக்க வேண்டுகிறோம்.

இணையவழிப் பாடங்களின் நிலை வேறு. 2020இல் கொவிட் நோய் பரவிப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது முன்னர் மறுத்த பல கல்லூரிகளும் அவற்றை ஏற்றன. ஆயினும், ஆய்வுகூடப் பயிற்சியை நேரிற் பெற்றிருத்தலே இன்றும் பாதுகாப்பான வழி. திரையைப் பார்த்து அமிலம் ஊற்றப் பழகுவது, கரையில் நின்று நீந்தப் பழகுவது போன்றதே!

இங்கிருந்து புறப்பட எண்ணும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மாணவர் விசாவிற் செல்வோர்க்கு ஒரு தவணையில் ஓர் இணையவழிப் பாடம் மாத்திரமே முழுநேரப் படிப்பின் கணக்கிற் சேரும். அதனிலும் பெரிய தடை, அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளிற் பெரும்பாலானவை பிற நாட்டுப் பிரசைகளைச் சேர்ப்பதேயில்லை. "இரண்டு வருடம் சமுதாயக் கல்லூரி, பிறகு டொக்டர்" என்று ஆசை காட்டும் முகவர்களிடம், எந்த வைத்தியக் கல்லூரி என்று பெயரைக் கேளுங்கள். காணியை ஈடுவைப்பதற்கு முன்னர் கேளுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு இத்தடை இல்லை. சேதன இரசாயனத்தைச் சமுதாயக் கல்லூரியிலேயே முடித்துவிடலாமா என்று சென்ற கிழமை தொலைபேசியிற் கேட்டாள். பொது இரசாயனத்தை அங்கே படி மகளே, மற்றதைப் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பின் எடு என்றோம். பெரியவர்களின் மனம் இன்னும் முழுதாக ஆறவில்லை என்று சிற்றப்பனார் சொல்லுகிறார். அவர்களும் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.