மக்காச்சோளம் பிறந்த மண்ணுக்கே மக்காச்சோளம் இறக்குமதி!



வர்த்தக ஒப்பந்தம் போட்டால் சீர்திருத்தம் வரும், பொருளாதாரம் வளரும் என்று நம்மகிட்ட சொல்றாங்க. அதை நம்பி ஒப்பந்தம் போட்ட ஒரு நாட்டின் கதையைக் கேளுங்க.

அந்த நாடு மெக்சிகோ. உலகத்துக்கே மக்காச்சோளம் கொடுத்த மண். நமக்கு நெல் எப்படியோ, அவங்களுக்கு மக்காச்சோளம் அப்படி. அமெரிக்கா, கனடாவோடு அது செய்துகொண்ட ‘நாஃப்டா’ ஒப்பந்தம் 1994 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. 2020-இல் வேறு ஒப்பந்தம் அந்த இடத்துக்கு வந்தது.

ஒப்பந்தத்துக்கு முன்பே ‘சீர்திருத்தம்’ வந்துவிட்டது! கிராமத்துக்குப் பொதுவாகக் கொடுத்த நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்றிருந்தது. 1992-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அதற்கு வழி திறந்தாங்க. நிலமில்லாதவருக்கு நிலம் கொடுப்பதையும் நிறுத்தினாங்க. நம்ம நெல் கொள்முதல் நிலையம் மாதிரி, மக்காச்சோளம் வாங்கிவந்த அரசு நிறுவனத்தை 1999-இல் மூடினாங்க.

இறக்குமதி வரியை 15 வருஷத்தில் படிப்படியாக எடுப்போம் என்பதுதான் பேச்சு. ஆனால் நிர்ணயித்த அளவுக்கு மேல் வந்த சரக்குக்கும் வரி வாங்காமலே விட்டாங்க. அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த சோளம் வந்து குவிந்தது. உள்ளூர் விலை சரிந்தது. லட்சக்கணக்கானோர் விவசாயத்தை விட்டுப் போனாங்க.

வளர்ச்சியே இல்லையா? இருந்தது. கார் தொழிற்சாலைகள் பெருகின, தக்காளி ஏற்றுமதி கூடியது. பாசனமும் முதலும் வைத்திருந்த பெரிய பண்ணைகள் லாபம் பார்த்தன. மானாவாரியில் ரெண்டு ஏக்கர் சோளம் போட்டவருக்கு என்ன கிடைத்தது?

சாப்பிடுறவங்களாவது பிழைச்சாங்களா? அமெரிக்காவில் சோளத்திலிருந்து எரிபொருள் எடுப்பது பெருகியதும் விலை ஏறியது. 2007 ஜனவரியில் சோள ரொட்டி விலை எகிறி, மக்கள் தலைநகர் வீதியில் இறங்கினாங்க.

நாம் போராடினால் பலன் உண்டு. 2019 நவம்பரில் ஆர்.சி.இ.பி. ஒப்பந்தத்தில் சேர மாட்டோம் என்று இந்தியா விலகியது. கறவை மாட்டை நம்பிப் பிழைப்பவர்கள் நாடு முழுக்க எழுப்பிய குரலும் அதற்கு ஒரு காரணம்.

விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதோ மத்திய அரசு. நாடாளுமன்ற ஒப்புதல்கூட கட்டாயமில்லை. அதனால்தான் கேட்கிறோம்:

மத்திய அரசே!
கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தைத் தமிழில் வெளியிடு!
நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் விவாதம் நடத்து!
நெல் கொள்முதலில் கை வைக்காதே!