விதியைப் படி, பிறகு அட்டையை எடு

(கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் இணையவழி அட்டை விளையாட்டு. கணிதப் பயிற்சியில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்த விளையாட்டுக்குள் நம் பாடவேளைக்கு மிகவும் தேவையான ஒரு பழக்கம் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு விளையாட்டை வெளியிலேயே விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் நம் பிரச்சினையைப் பார்ப்போம். 1, 2, 3, 4, 5 ஆகிய இலக்கங்களைக் கொண்டு எத்தனை மூன்றிலக்க இரட்டை எண்கள் அமைக்கலாம்? இலக்கங்கள் மீண்டும் வரலாம் என்றால் விடை 50. மீண்டும் வரக்கூடாது என்றால் விடை 24. ஒரே ஒரு நிபந்தனைதான், விடை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பெருக்கல் விதி தெரிந்த மாணவர்கூட அந்த நிபந்தனையைப் படிக்காமல் 50 என்று எழுதிவிட்டுப் போகிறார். செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 5 செ.மீ. அதிகம், பரப்பு 84 ச.செ.மீ. என்றால் இருபடிச் சமன்பாட்டுக்கு 7, −12 என இரண்டு மூலங்கள் கிடைக்கும். அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதை மறந்து இரண்டையும் விடையாக எழுதும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். சூத்திரம் தெரியாததால் போகும் மதிப்பெண்ணைப் பற்றி நிறையப் பேசுகிறோம். நிபந்தனையைப் படிக்காததால் போகும் மதிப்பெண்ணுக்கு 'கவனக்குறைவு' என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம். கவனக்குறைவு என்று சொல்லி விட்டுவிடுவதற்கு முன், நிபந்தனையைப் படிக்கும் பயிற்சியை நாம் தனியாகக் கொடுத்திருக்கிறோமா?

இனி விளையாட்டுக்கு வருகிறேன். அதன் பெயர் ஸ்பிளின்டர்லேண்ட்ஸ். 2018இல் ஸ்டீம் மான்ஸ்டர்ஸ் என்ற பெயரில் தொடங்கி, பிறகு இந்தப் பெயருக்கு மாறியது. ஓர் அணியில் ஒரு தலைவர் அட்டையும் அதிகபட்சம் ஆறு வீரர் அட்டைகளும் இருக்கும். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு விலை உண்டு. அந்தச் செலவுப் புள்ளியை 'மானா' என்கிறார்கள். வீரர் அட்டைகளில் தாக்குதல், உயிர், வேகம், சிலவற்றில் கவசம் ஆகியவை எண்களாக அச்சாகியிருக்கும்.

ஆட்டம் தொடங்கும் முன் திரையில் சில செய்திகள் வரும். இந்தப் போட்டியில் மொத்தம் எத்தனை மானா செலவழிக்கலாம், எந்தெந்தப் பிரிவு அட்டைகளுக்கு அனுமதி, இன்றைய சிறப்பு விதி என்ன என்பவை அவை. குறிப்பிட்ட நேரத்துக்குள் அணியைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்த வேண்டும். அதன்பின் ஆடுபவருக்கு வேலையே இல்லை. போர் தானாக நடந்து முடியும். ஆக, வெற்றி தோல்வி முழுவதும் விதியைப் படிக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. இந்த ஓர் அமைப்புதான் என்னைக் கவர்ந்தது.

சாதாரண விதியில், நேரடியாக மோதும் வீரர் முதல் இடத்தில் நின்றால்தான் தாக்க முடியும். தொலைவிலிருந்து எய்பவர் முதல் இடத்தில் நின்றால் தாக்க முடியாது. மந்திரம் ஏவுபவர் எங்கிருந்தும் தாக்கலாம், அந்த அடி கவசத்தைத் தாண்டி நேராக உயிரைக் குறைக்கும். வேகம் கூடியவர் முதலில் தாக்குவார். இவற்றின் மேல் வந்து அமர்வதுதான் சிறப்பு விதி. நான்கு விதிகளை மட்டும் பார்ப்போம்.

ஒன்று, ஒற்றைப்படை விதி. மானா ஒற்றை எண்ணாக உள்ள வீரர்களையே இறக்கலாம். போட்டிக்கு 17 மானா, தலைவர் அட்டைக்கு 4 என்று கொள்வோம். மீதி 13. ஆறு வீரர்களை இறக்கி 13ஐயும் செலவழிக்க முடியுமா? முடியாது. ஆறு ஒற்றை எண்களின் கூடுதல் இரட்டை எண்ணாகத்தான் வரும். எனவே 1, 1, 3, 3, 5 என ஐந்து பேரை இறக்கி முழுவதும் செலவழிக்கலாம். அல்லது 1, 1, 1, 3, 3, 3 என ஆறு பேரை இறக்கி 1 மானாவை விட்டுவிடலாம். எது மேல் என்பதை அட்டைகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இதுவே இரட்டைப்படை விதியாக இருந்தால் 13ஐ ஒருபோதும் முழுவதும் செலவழிக்க முடியாது. ஆனால் 3 மானாவில் ஒரு தலைவர் கிடைத்தால் மீதி 14, ஒன்றும் வீணாகாது. விதி வீரர்களைப் பற்றியது, மாற வேண்டியதோ தலைவர்! ஒற்றை, இரட்டை எண்களின் பண்புகளை ஆறாம் வகுப்பில் நடத்துகிறோமே, அதற்கு இதைவிட நல்ல பயன்பாட்டுக் கணக்கு எங்கே கிடைக்கும்?

இரண்டு, நிலநடுக்க விதி. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பறக்காத வீரர்கள் ஒவ்வொருவருக்கும் 2 புள்ளி சேதம். கவசம் இல்லாத, வேறு யாரும் தாக்காத ஒரு வீரருக்கு 7 உயிர் இருந்தால் எத்தனைச் சுற்று தாங்குவார்? நான்காம் சுற்றின் முடிவில் வீழ்வார். 8 உயிர் உள்ளவர்? அவரும் நான்காம் சுற்றின் முடிவில்தான். 9 உயிர் உள்ளவர் ஐந்தாம் சுற்று வரை போவார். இந்த விதிக்கு முன்னால் மட்டும் பார்த்தால் 7க்கும் 8க்கும் வித்தியாசம் இல்லை, 8க்கும் 9க்கும் ஒரு முழுச் சுற்று வித்தியாசம். வகுத்து, மீதி வந்தால் மேல்நோக்கி முழுமையாக்கும் கணக்கு இது. 45 பேரை 20 பேர் ஏறும் வண்டியில் அழைத்துப்போக எத்தனை வண்டி வேண்டும் என்று கேட்பதும் இதே கணக்குதான்.

மூன்று, சமநிலை விதி. இரு அணிகளிலும் சேர்த்து யாருக்கு உயிர் அதிகமோ, அந்த அளவு உயிரோடுதான் எல்லோரும் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். ஒரு பேச்சுக்கு, 3 மானாவில் இரண்டு அட்டைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்குத் தாக்குதல் 1, உயிர் 6. மற்றதற்குத் தாக்குதல் 3, உயிர் 2. மற்ற நாட்களில் முன்வரிசைக்கு முதல் அட்டையைத்தான் எடுப்போம். சமநிலை விதியில் மிகுந்த உயிர் 10 என்றால் இரண்டுக்குமே 10. முதல் அட்டைக்கு 4 கூடுகிறது, இரண்டாவதற்கு 8. உயிருக்காகக் கொடுத்த மானா இன்று வீண், தாக்குதலுக்காகக் கொடுத்த மானாதான் கணக்கில் நிற்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயிர் மிகுந்த பெரிய அட்டையை நாம் கொண்டுவந்தால் அதன் பலன் எதிரணிக்கும் போகும்.

நான்கு, பின்வழித் தாக்குதல் விதி. நேரடியாக மோதும் எல்லா வீரர்களும் எதிரணியின் கடைசி ஆளைத்தான் அடிப்பார்கள். வழக்கமாகப் பின்னால் பாதுகாப்பாக நிற்கும் மெலிந்த வீரர் முதல் அடியிலேயே போய்விடுவார். எனவே கவசம் உள்ள ஒருவரைக் கடைசியில் நிறுத்த வேண்டும். அட்டைகள் அதே அட்டைகள்தான், வரிசை மட்டும் மாறுகிறது.

இந்த நான்கிலும் நாம் என்ன செய்தோம் என்று திரும்பிப் பார்த்தால், நான்கு கேள்விகள் கிடைக்கும்.

1. இந்த விதி எதை நீக்குகிறது?
2. எதன் மதிப்பைக் குறைக்கிறது?
3. எதன் மதிப்பைக் கூட்டுகிறது?
4. இதே விதியைப் படிக்கும் எதிராளி என்ன செய்வார்?

நான்காவது கேள்விதான் நன்றாக ஆடுபவரைப் பிரித்துக் காட்டும். நிலநடுக்கம் என்றதும் பறக்கும் வீரர்களை எடுக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. எதிராளிக்கும் அதுதான் தோன்றும். பறக்காதவர்கள் நேரடியாகவோ தொலைவிலிருந்தோ தாக்கும்போது, பறப்பவர்கள் அந்த அடியிலிருந்து தப்ப வாய்ப்பு அதிகம். மந்திரத் தாக்குதலோ பொதுவாகக் குறி தவறாது. ஆகவே நிலநடுக்கத்தில் பறப்பவர்களோடு மந்திரம் ஏவுபவரையும் சேர்ப்பவர் ஓர் அடி முன்னால் யோசித்திருக்கிறார். தான் ஒருமுறை வென்ற அணியையே எப்போதும் இறக்குபவர் சீக்கிரம் தோற்பார்.  வலுவான அட்டை என்று தனியாக ஒன்று இல்லை. 'இந்த விதியின் கீழ் வலுவான அட்டை' என்றுதான் உண்டு.

இதை வகுப்பறைக்குள் எப்படிக் கொண்டுவருவது? கைப்பேசி வேண்டாம், இணையமும் வேண்டாம். நான் 24 சார்ட் அட்டைத் துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் மானா, தாக்குதல், உயிர் என மூன்று எண்களை எழுதிவைத்திருக்கிறேன். சிலவற்றில் மட்டும் ஒரு பறவைப் படம். சிறப்பு விதிகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வேன். இரு குழுக்களும் ஐந்து நிமிடத்தில் அணியை எழுதித் தர வேண்டும். போரை நடத்திப் பார்ப்பதைவிட எழுதியதற்கான காரணத்தைச் சொல்வதுதான் முக்கியம். "ஏன் இந்த அட்டையை விட்டாய்?" என்ற கேள்விக்கு, விதியைச் சுட்டிக்காட்டி ஒரு வாக்கியம் சொன்னால் ஒரு மதிப்பெண்.

பிறகு பாடநூல் கணக்கு. எழுதத் தொடங்கும் முன், வினாவில் உள்ள நிபந்தனைச் சொற்களை அடிக்கோடிடச் சொல்கிறேன். 'மீண்டும் வராமல்', 'திரும்ப வைக்காமல்', 'குறைந்தபட்சம்', 'மிகை முழு எண்' ஆகியவைதான் வினாத்தாளின் சிறப்பு விதிகள். அதே நான்கு கேள்விகளில் முதல் மூன்றை இங்கும் கேட்கலாம். 'மீண்டும் வராமல்' எதை நீக்குகிறது? 224, 222 போன்ற எண்களை நீக்குகிறது. −12 ஏன் நீங்குகிறது? அகலம் மிகை எண் என்ற, எழுதாத ஒரு விதி இருப்பதால். எழுதாத விதியையும் ஒரு பிள்ளை தேடத் தொடங்கிவிட்டால் நம் வேலை பாதி முடிந்தது.

ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். நான் சொன்ன விளையாட்டில் அட்டைகளை உண்மைப் பணத்துக்கு வாங்கவும் விற்கவும் முடியும். பொட்டலத்துக்குள் எந்த அட்டை இருக்கிறது என்பது வாங்கித் திறக்கும் வரை தெரியாது. இதுபோன்ற இடங்களில் பிள்ளைகள் பெற்றோரின் பணத்தை இழக்கும் ஆபத்து மெய்யானது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கவும் இணையவழி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தவும் நம் மாநிலத்தில் 2022ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. எனவே எந்த மாணவருக்கும் இந்த விளையாட்டைப் பரிந்துரைக்க வேண்டாம். ஏற்கெனவே இதுபோன்ற ஒன்றை ஆடும் மாணவர் இருந்தால் திட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "இதில் பணம் எங்கே வருகிறது?" என்பது ஒன்று. "நேற்று என்ன விதி வந்தது, நீ என்ன செய்தாய்?" என்பது மற்றொன்று. முதல் கேள்வி அவரைக் காக்கும். இரண்டாவது கேள்விக்கு அவர் சொல்லும் பதிலில், விடைத்தாளில் நாம் காணாத ஒரு கணக்கறிவு வெளிப்படலாம். அதைப் பாடத்தின் பக்கம் திருப்புவது நம் கையில் இருக்கிறது.

பல்லாங்குழியின் விதி ஊருக்கு ஊர் மாறும். அதனால் உட்காரும்போதே "எந்த ஊர் ஆட்டம்?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. கேட்காமல் காயை அள்ளக் கூடாது. வினாவைப் பார்த்ததும் பேனாவைத் திறக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு கேள்விதான் தேவைப்படுகிறது. நாளை உங்கள் வகுப்பில் ஒரே ஒரு கணக்கை எடுங்கள். விடை கேட்காதீர்கள். நிபந்தனை என்ன, அது எதை நீக்குகிறது என்று மட்டும் கேளுங்கள். ஐந்து நிமிடம் போதும்.