மலைச்சரிவில் எழுந்த குரல்



விடியுமுன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் மலையேறுகின்றன. ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருங்கி அமர்ந்திருப்பர். தூரடியில் படர்ந்த சரத்தில் எந்தக் காய் முற்றியது, எது இன்னும் பொறுக்க வேண்டியது என்பதை அவர்தம் விரல்கள் அறியும். ஊரில் காய் பொறுக்கும் பெண்களோ நிறம் மங்கியதையும் வாய் பிளந்ததையும் நொடியில் விலக்குவர். ஆயினும் விலை பேசும் இடத்தில் அவர்களைக் காண்பதரிது. கேட்டால், "எங்களுக்கு என்ன தெரியும்?" என்பதே விடையாக வரும். வகித்த இடம் கற்பித்த விடை அது.

போடிமெட்டைக் கடந்து அதே சாலை மூணாறு செல்கிறது. ஏலம் முடிந்து தேயிலை தொடங்குகிறது. அங்குக் கொழுந்தெடுப்போரிற் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்களே. அவர்கள் பறிக்க, கங்காணி எடை குறிப்பார்; அவர்கள் சந்தா செலுத்த, ஆண் தலைவர்கள் பேசுவர். 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தோட்டங்களில் போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது இவ்வொழுங்கு முறிந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு சாலையில் அமர்ந்தனர். சமரசம் பேச வந்த சங்கத் தலைவர்களைத் திருப்பியனுப்பினர். 'பெம்பிளை ஒருமை' எனப் பெயரும் சூட்டிக்கொண்டனர். (இலக்கண ஆசிரியர் எவரும் அப்பெயரைத் திருத்தத் துணிந்திரார்!) அரசு கூட்டிய பேச்சுவார்த்தையில் அவர்களுடைய பிரதிநிதிகளே நேரில் அமர்ந்தனர். ஒன்பது நாளில் 20 விழுக்காடு கிட்டியது. அவ்வாண்டு நவம்பரில் கொழுந்தெடுக்கும் கோமதி தேவிகுளம் வட்டாரப் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவ்வொன்பது நாளில் புதிய அறிவு ஒன்றும் அவர்களுக்கு வந்துவிடவில்லை. 232 ரூபாய் நாட்கூலியில் அடுப்பையும் பள்ளிக் கட்டணத்தையும் வட்டியையும் நடத்தியவர்களுக்குக் கணக்கு முன்னரே தெரியும். அதைச் சொல்லும் பொறுப்புத்தான் தரப்படாதிருந்தது. செய்து வென்ற அனுபவமே தன்னாற்றல் நம்பிக்கைக்கு முதல் ஊற்று என்று உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். செய்ய இடமே தராத ஏற்பாட்டில் அவ்வூற்று எங்ஙனம் சுரக்கும்?

பின்னர் அவ்வமைப்பிற் பிளவு நேர்ந்தது. கேட்ட 500 ரூபாய்க் கூலியும் கிட்டவில்லை, 301 ரூபாயே முடிவாயிற்று. இதையும் மறைத்தற்கில்லை.

கவிஞர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. மலைப்பெண்ணைப் பாடும்போது கூனிய முதுகும் அட்டை கடித்த காலும் தவறாமல் வருகின்றன. பேரம் பேசும் அவள் வாய் வருவதில்லை. இரக்கத்தோடு எழுதப்பெறினும், அதுவும் கங்காணி குறிக்கும் எடையைப் போன்றதே. நாளை விடியலிலும் அந்த ஜீப்புகள் முந்தல் சாலையில் ஏறும். உள்ளிருப்போர் எடை, கூலி, கடன் எல்லாவற்றையும் உரக்கக் கணக்கிட்டுக்கொண்டே செல்வர்.