யாருக்கும் வயதாகாத வீடு

(பொதுக்காலம் 18ஆம் ஞாயிறு, வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நற்செய்தி ஒரு சொத்துத் தகராறில் தொடங்குகிறது. கூட்டத்திலிருந்து ஒருவர் இயேசுவிடம் வருகிறார். குடும்பச் சொத்தில் தன் பங்கைத் தன் சகோதரன் பிரித்துத் தரவில்லை, நீர் அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லும் என்று கேட்கிறார். இயேசு அந்தப் பஞ்சாயத்தில் உட்கார மறுத்துவிடுகிறார். பதிலுக்கு ஓர் உவமை சொல்கிறார். நல்ல விளைச்சல் கண்ட செல்வன் ஒருவன் பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போடுகிறான். அன்று இரவே அவன் உயிர் பிரிகிறது.

இந்த உவமையை விளக்க இன்று நான் ஒரு கணினி விளையாட்டைத் துணைக்கு அழைக்கிறேன். பெரியவர்கள் வியப்படைய வேண்டாம். இப்போது முப்பது வயதைத் தாண்டிய உங்கள் பிள்ளைகள் பலருக்கு இந்த விளையாட்டு நன்றாகத் தெரியும். அதன் பெயர் 'தி சிம்ஸ்'. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்தது. சில ஆண்டுகளில் நம் தென்காசி வரைக்கும் வந்து சேர்ந்தது. வீட்டில் கணினி இருந்தவர்கள் வீட்டில் விளையாடினார்கள். இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குப் பார்த்துக் காசு கொடுத்து விளையாடினார்கள்.

அதில் துப்பாக்கி இல்லை, பந்தயம் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. ஒரு குடும்பத்தை உண்டாக்க வேண்டும். கையில் 20,000 சிமோலியன் இருக்கும். அது அந்த ஊர்ப் பணம். அதை வைத்து வீடு கட்ட வேண்டும், கட்டில் வாங்க வேண்டும், அடுப்பு வாங்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் பசி, சுத்தம், தெம்பு, பிறரோடு பழகுதல் என்று எட்டுத் தேவைகள். தேவை நிறைந்தால் பச்சைக் கோடு, குறைந்தால் சிவப்புக் கோடு. அவ்வளவுதான் விளையாட்டு.

இதை உருவாக்கியவர் வில் ரைட். இந்த எண்ணம் அவருக்கு வந்த விதத்தைக் கேளுங்கள். 1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து, பெர்க்லி மலைப் பகுதியில் பெரும் தீ பரவியது. 25 பேர் இறந்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அவற்றில் வில் ரைட்டின் வீடும் ஒன்று. குடும்பம் உயிர் தப்பியது. பொருள்கள் எல்லாம் சாம்பல். மறுபடியும் ஒவ்வொன்றாக வாங்க வேண்டிய நிலையில் அவர் யோசித்தார்: எது உண்மையில் தேவை? எதை முதலில் வாங்குவது? அந்த யோசனையும் இந்த விளையாட்டுக்கு ஒரு விதை ஆனது. தொடக்கத்தில் அவர் இதைப் 'பொம்மை வீடு' என்றே அழைத்தார். அவர் இருந்த நிறுவனத்திலேயே பலர் இதில் ஆர்வம் காட்டவில்லை. பின்னர் உலகெங்கும் அதிகம் விற்ற கணினி விளையாட்டுகளின் வரிசையில் இது முன்னணிக்கு வந்தது.

பொம்மை வீடு நமக்குப் புதிதா? அம்பாசமுத்திரத்தில் மரத்தில் கடைந்த சொப்புச் சாமான் இல்லாத பிள்ளைப் பருவம் இந்தப் பக்கத்தில் ஏது? பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்றே ஒன்று உண்டு. சிறுமியர் மணலில் சிறு வீடு கட்டிப் பொய்யாகச் சோறு சமைப்பார்கள். ஆண் குழந்தையிடம் அதைக் காலால் சிதைத்துவிடாதே என்று கெஞ்சுவார்கள். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் நம் மேலகரத்துக்காரர். அவர் காலத்துப் பிள்ளைகளும் இங்கே மணலில் வீடு கட்டித்தான் விளையாடியிருப்பார்கள். வீடு கட்டிப் பார்க்கும் ஆசை மனிதனோடு பிறந்தது. அது கெட்ட ஆசையும் அல்ல.

2025ஆம் ஆண்டு சனவரி மாதம், 25 ஆண்டு நிறைவை ஒட்டி, அந்தப் பழைய விளையாட்டை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அன்று சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று சம்பளக்காரர்கள். அவர்களில் பலர் அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அதைவிடப் பளபளப்பான விளையாட்டுகள் எத்தனையோ இருக்கும்போது, இந்தப் பழையதை ஏன் தேடுகிறார்கள்?

சாரல் காலத்தில் ஊருக்கு வந்திருந்த ஒரு சகோதரி இதற்குப் பதில் சொன்னார். அவர் அனுமதியோடு சொல்கிறேன். பெங்களூரில் வேலை. அந்த விளையாட்டை வாங்கி, சிறுவயதில் கட்டிய அதே வீட்டை நினைவிலிருந்து மறுபடி கட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரே நாற்காலியில் அண்ணனும் தங்கையும் நெருக்கி உட்கார்ந்து விளையாடுவார்களாம். சுவர் எழுப்புவது அண்ணன் வேலை, சாமான் வாங்கிப் போடுவது தங்கை வேலை. நடுவில் கரண்ட் போய்விடும். சேமிக்காமல் விட்டதற்கு ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். அடுப்படியிலிருந்து அம்மா, "சோறு ஆறுது, வாங்கலே" என்று சத்தம் போடுவார்கள். இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அப்பா விட்டுப்போன வீட்டைப் பிரிப்பதில் மனத்தாங்கல். நான்கு ஆண்டுகளாக அண்ணனோடு பேச்சு இல்லை. "அதே வீட்டைக் கட்டிட்டேன் ஃபாதர். கூட உட்கார்ந்து பார்க்கத்தான் ஆளில்லை" என்றார். அடுத்து, "அண்ணன்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

சகோதர சகோதரிகளே, நற்செய்தியில் வரும் அந்த மனிதரும் இதைத்தானே கேட்டார்!

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பங்கு கேட்பது பாவம் என்று இயேசு சொல்லவில்லை. நம் நாட்டில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு உரிய 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த பெற்றோரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. தங்கைக்கு உரியதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, "அவளுக்குப் பேராசை" என்று சொல்கிற அண்ணன்மார் இந்த உவமையைத் தங்களுக்குச் சாதகமாகத் திருப்பக் கூடாது. இயேசு நடுவராக உட்கார மறுத்தார், நீதியை மறுக்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்து வாங்கித் தருவதால் மட்டும் உறவு திரும்பிவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார். அதனால் பேராசை என்னும் வேரைத் தொட்டார்.

அந்தச் சகோதரி ஏங்கியது விளையாட்டுக்காகவா? அந்த நாற்காலிக்காக ஏங்கினார். 1688இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைவிட்டு வந்தவர்களை வாட்டிய ஏக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார். வீடு திரும்புதல், வலி என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'நாஸ்டால்ஜியா' என்றார். அன்று அதை நோய் என்றே கருதினார்கள். திருவிவிலியமும் இந்த நோயை அறியும். எண்ணிக்கை நூல் 11ஆம் பிரிவை வாசித்துப் பாருங்கள். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். வெங்காயம் நினைவில் இருக்கிறது. முதுகில் விழுந்த சாட்டையடி மறந்துவிட்டது. ஏக்கம் எப்போதும் இப்படித்தான், பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்ளும்.

அந்தப் பழைய விளையாட்டில் மூன்று செய்திகள் எனக்கு மறையுரை போலவே தெரிகின்றன.

முதலாவது, அந்த வீட்டில் யாருக்கும் வயதாகாது. தீயிலோ நீரிலோ பசியிலோ இறக்கலாம். ஆனால் மூப்பு கிடையாது. பள்ளி செல்லும் பிள்ளை என்றைக்கும் பள்ளி செல்லும் பிள்ளையே. அடுத்து வந்த பதிப்பில்தான் முதுமையைச் சேர்த்தார்கள். நாம் ஏங்கும் கடந்த காலமும் இப்படித்தான். அதில் அம்மாவுக்கு முட்டுவலி இல்லை, அண்ணனுக்கு நரை இல்லை. ஆனால் கடவுள் நமக்குத் தந்திருக்கும் அண்ணன் நரைத்த அண்ணன், கடன்பட்ட அண்ணன், கோபக்கார அண்ணன். அன்பு செய்ய வேண்டியது அவரைத்தான்.

இரண்டாவது, அங்கே பணம் தீர்ந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. 'ரோஸ்பட்' என்று தட்டச்சு செய்தால் உடனே 1,000 சிமோலியன் சேரும். 1941இல் வந்த 'சிட்டிசன் கேன்' என்ற புகழ்பெற்ற திரைப்படத்தில், பெரும் செல்வர் ஒருவர் சாகும்போது முணுமுணுக்கும் கடைசிச் சொல்லும் இதே 'ரோஸ்பட்'தான். மாளிகை கொள்ளாத சாமான்களைச் சேர்த்தவர் அவர். அந்தச் சொல் என்ன என்று படம் முழுவதும் தேடுகிறார்கள். இறுதியில், அவர் சிறுவயதில் பனியில் சறுக்கி விளையாடிய மரப்பலகையின் பெயர் அது என்று நமக்குத் தெரிகிறது. களஞ்சியத்தை இடித்துக் கட்டத் திட்டமிட்ட செல்வனும் சாகும் வேளையில் எதை நினைத்திருப்பான்? நிச்சயமாகத் தானியத்தை நினைத்திருக்க மாட்டான். உழைத்துச் சேர்த்ததை உழைக்காதவனுக்கு விட்டுப்போகிறோமே என்று சபை உரையாளர் இன்று முதல் வாசகத்தில் பெருமூச்சு விடுவதும் இதைப் பற்றித்தான்.

மூன்றாவது, அந்த விளையாட்டில் 'சுயவிருப்பம்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அணைத்துவிட்டால் வீட்டிலுள்ளவர்கள் நாம் சொன்னதை மட்டும் செய்வார்கள். கடவுள் நம்மைப் படைத்தபோது அப்படிப்பட்ட பொத்தானை வைக்கவில்லை. அதனால்தான் நம் வீடுகளில் சண்டை வருகிறது. அதனால்தான் மன்னிப்பும் சாத்தியமாகிறது. அந்த விளையாட்டின் எட்டுத் தேவைகளில் மன்னிப்புக்கு ஒரு கோடு இல்லை. நம் வாழ்க்கையில் அந்தக் கோடு சிவப்பாகிக் கிடப்பதை யாராவது கவனிக்கிறோமா?

அப்படியானால் பழையதை நினைப்பதே தவறா? இல்லை. நம் திருச்சபையே நினைவின்மேல் கட்டப்பட்டது. ஒவ்வொரு திருப்பலியிலும் ஆண்டவரின் பாடுகளையும் உயிர்ப்பையும் நினைவுகூருகிறோம். ஆனால் அந்த நினைவு நம்மைப் பின்னோக்கி இழுப்பதில்லை. பீடத்தில் நினைவுகூர்ந்ததைத் தெருவில் போய்ச் செய் என்று நம்மை அனுப்பிவைக்கிறது. நம் ஐந்தருவியிலும் பேரருவியிலும் விழுகிற தண்ணீர் பாறையடியிலேயே தங்கிவிட்டால் யாருக்குப் பயன்? சிற்றாறாக ஓடி வயலுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்வதால்தான் அது நமக்குச் சோறாகிறது. நினைவும் ஓட வேண்டும். 2025 யூபிலி ஆண்டில் திருச்சபை நம்மை எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று அழைத்தது. பயணிக்கு ஊர் நினைவு இருக்கும். கால் முன்னே நடக்கும்.

அந்தச் சகோதரியிடம் நான் சொன்னது இதுதான்: "பங்கைப் பற்றிப் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள், சட்டம் இருக்கிறது. அது அதன் வழியில் நடக்கட்டும். நீங்கள் அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைத்து, அந்த வீட்டைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்." அவர் அழைத்தார். இரண்டு நிமிடம் பேசினார்களாம். பத்திர வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் இரண்டு நிமிடம் பேசிவிட்டார்கள்.

வீடு மந்திரிக்க நம் தெருக்களில் நடக்கும்போது பூட்டிய வீடுகளைப் பார்க்கிறேன். பூட்டாத வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். வெளியூரில் இருந்து இதைக் கேட்கும் பிள்ளைகளே, உங்கள் சிறுவயது வீடு எந்தக் கணினியிலும் இல்லை. அது இங்கே, கூரை ஒழுகியபடி, உங்கள் குரலுக்காகக் காத்திருக்கிறது. இந்த வாரம் ஒரு முறை அழையுங்கள். பேசாமல் விட்ட உடன்பிறப்பு யாராவது இருந்தால் அந்த எண்ணையும் தேடி எடுங்கள். பெற்றோர்களே, உங்கள் சொத்தை யாருக்கு எவ்வளவு என்று நீதியாக, உயிரோடு இருக்கும்போதே, பிள்ளைகள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். கடவுளின் பார்வையில் செல்வம் சேர்ப்பது என்றால் இதுவும்தான்.

இயேசுவே ஆண்டவரே, மரியாவோடும் யோசேப்போடும் நாசரேத்தில் ஒரு சிறு வீட்டில் வளர்ந்தவரே, பிரிந்து கிடக்கும் எங்கள் குடும்பங்களைப் பாரும். நாங்கள் ஏங்குகிற அன்பை, இன்று எங்கள் அருகில் இருப்பவர்களுக்குக் கொடுக்கக் கற்றுத்தாரும். எல்லாம் வல்ல இறைவன் தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.