பல்கலைக்கழகம் நம் வாசலுக்கு வரும்போது
(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில் இளைய வணிகர்கள் சார்பில் ஆற்றிய உரை)





எங்களில் பலர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்று, நேராகக் கடைக்கு வந்தவர்கள். பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். இந்த ஊரில் பல்கலைக்கழகத்துக்கு வித்திட்டவர்களே வணிகர்கள்தானே!

1904ஆம் ஆண்டில் வணிகர் டான் ஜியாக் கிம் முன்னின்று, மருத்துவப் பள்ளி வேண்டும் என்று காலனி அரசிடம் மனுக் கொடுத்தார். அதற்காகத் திரட்டிய தொகை 87,077 வெள்ளி. அதில் 12,000 வெள்ளி அவர் கைப்பணம். 1905இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வேர். 1950களில் நன்யாங் பல்கலைக்கழகத்துக்காக டிரைஷா ஓட்டியவர்கள்கூடத் தங்கள் வருமானத்தைக் கொடுத்தார்கள்.

இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ, தாதிமை மாணவர்கள் ஓரறை, ஈரறை வாடகை வீடுகளின் கதவைத் தட்டுகிறார்கள். 'நெய்பர்ஹுட் ஹெல்த் சர்வீஸ்' என்பது அந்தத் திட்டத்தின் பெயர். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். சிங்கப்பூரில் நீரிழிவு மலாய்க்காரர்களையும் இந்தியர்களையும் கூடுதலாகப் பாதிக்கிறது. நம் விருந்துகளை நினைத்தால் வியப்பில்லை. பிரியாணி முடிந்த கையோடு இனிப்பு, அதன்மேல் தேத்தண்ணி!

இவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்? நன்கொடை என்றதும் பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துப் படம் எடுப்பதுதான் நம் நினைவுக்கு வருகிறது. பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மாணவர்களிடம் அதிகம் இல்லாதது தமிழ்.

நம் பெரியம்மா ஒருவர் "கால் மதமதன்னு இருக்கு, கிறுகிறுன்னு வருது" என்கிறார். இருபது வயது மாணவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார்? கால் மரத்துப்போவது நீரிழிவு நரம்பைத் தொட்டதன் அடையாளமாக இருக்கலாம். பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவர் நின்றால் அந்தச் சொல் மருத்துவரின் காதுக்குப் போய்ச் சேரும்.

அடுத்தது, சோதனைக்குப் பிறகு நடப்பது. பலதுறை மருந்தகத்துக்குப் போகச் சொல்லிக் கொடுத்த ஆங்கிலக் கடிதம் கைப்பைக்குள்ளேயே மடிந்து கிடக்கிறது. கேட்டால், "மவன் லீவு போட்டு வரணும்ல, பாவம்" என்கிறார்கள். மாணவர்களுக்கோ தேர்வு வந்துவிடும். மூத்தவர்கள் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். ஆண்டுக்காண்டு முகங்கள் மாறும். அதே புளோக்கில், அதே பள்ளிவாசலில் நிலையாக இருப்பவர்கள் நாம்தான். கடனுக்குச் சரக்கு வாங்கியவரை விடாமல் தொலைபேசியில் அழைக்கிற நமக்கு, "பெரியம்மா, மருந்தகத்துக்குப் போனீங்களா?" என்று கேட்பதா சிரமம்?

ரமலானும் இருக்கிறது. இன்சுலின் போடுபவர்களும் சிலவகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பின்போது ரத்தச் சர்க்கரை 3.9க்குக் கீழே இறங்கினால் நோன்பை முறிக்க வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. பலர் மயக்கத்தோடு மஃரிப் வரை காத்திருக்கிறார்கள். இதை ஷஅபான் மாதத்திலேயே நம் மண்டபத்தில், மருத்துவரையும் மாணவர்களையும் அழைத்து, ஆலிம் ஒருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துத் தமிழில் பேச வைக்கலாம்.

இதற்கு மண்டபம் இருக்கிறது. நாற்காலி இருக்கிறது. சாப்பாட்டை எங்கள் கடைகள் பார்த்துக்கொள்ளும். இந்த முறை இனிப்பு கிடையாது. வேண்டியது தமிழும் ஆங்கிலமும் பேசும் தொண்டூழியர்கள், மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை. நம் மகள்களும் மருமகள்களும் இதில் முன்னுக்கு வர வேண்டும். பெண்களின் உடல்நிலையைப் பெண்களிடம்தான் நம் தாய்மார்கள் மனம்விட்டுச் சொல்வார்கள்.

செயலாளர் அவர்களிடம் பெயர்ப் பதிவேடு இருக்கிறது. எங்கள் பெயர்களை எழுதிவிட்டோம். சாப்பிடப் போகும் முன் உங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.