கடை திறந்தவரின் கடமை



இந்தத் தலைமை இருக்கையில் எனக்கு முன் அமர்ந்தவர்கள் பலரிடம் நான் பாடம் கேட்டிருக்கிறேன். அதனால் தலைமை ஏற்கச் சொல்லி அழைப்பு வந்தபோது மகிழ்ச்சியோடு கலக்கமும் வந்தது. என்மேல் நம்பிக்கை வைத்த அமைப்புக் குழுவினருக்கு என் நன்றி.

இந்தக் கருத்தரங்கின் பொருள் தனியார் வணிகமும் அடிப்படை உரிமைகளும். வேலைவாய்ப்பு, பள்ளிச் சேர்க்கை, வாடகை வீடு எனப் பல முனைகளில் நண்பர்கள் கட்டுரை படிக்க இருக்கிறார்கள். அவற்றை அவர்களே நன்றாகச் சொல்வார்கள். அரசமைப்பின் 14, 15, 19, 25 ஆம் கூறுகளை இந்த அவைக்கு விளக்க வேண்டிய தேவையும் இல்லை. நான் ஒரு கேள்வியோடு நின்றுகொள்கிறேன். கடை நடத்தும் ஒருவர், தம் சமய நம்பிக்கையையும் பேச்சுரிமையையும் காட்டி, தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பணி செய்ய மறுக்கலாமா?

இந்தக் கேள்வி அமெரிக்காவில்தான் பெரிதாக வெடித்தது. 2012இல் கொலராடோ மாநிலத்தின் லேக்வுட் நகரில், மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப் என்ற கடைக்கு ஆண் இணையர் இருவர் திருமண கேக் கேட்டுப் போனார்கள். கேக் எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு தொடங்கும் முன்பே உரிமையாளர் மறுத்துவிட்டார். 2018 ஜூன் 4 அன்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் நீதிபதி கென்னடி எழுதிய அந்தத் தீர்ப்பு மூலக் கேள்வியைத் தொடவில்லை. மாநில ஆணையத்தினர் கடைக்காரரின் சமயத்தை இழிவாகப் பேசினார்கள் என்ற காரணத்தோடு முடிந்துவிட்டது. அந்தக் குறுகிய காரணம் சரியானதே. விசாரிக்க அமர்ந்தவர் எவருடைய நம்பிக்கையையும் ஏளனம் செய்யக் கூடாது.

மூலக் கேள்விக்கு 2023 ஜூன் 30 அன்று, 303 கிரியேட்டிவ் வழக்கில் விடை வந்தது. அதே மாநிலத்தைச் சேர்ந்த இணையதள வடிவமைப்பாளர் ஒருவர், தன்பால் திருமணங்களுக்குத் தளம் அமைக்க மாட்டேன் என்றார். அவர் திருமணத் தளத் தொழிலையே இன்னும் தொடங்கியிருக்கவில்லை. அவர் ஆக்குவது பேச்சு என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தன. அந்த ஒப்புதலை அடித்தளமாக வைத்து, விரும்பாத கருத்தைச் சொல்லும்படி அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிபதி கார்சச் எழுதினார். ஆறு பேர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். பொதுமக்களுக்குத் திறந்த வணிகம் ஒன்றுக்கு, சட்டம் பாதுகாக்கும் பிரிவினரை மறுக்கும் அரசமைப்பு உரிமை முதன்முறையாகத் தரப்பட்டிருக்கிறது என்று நீதிபதி சோட்டோமயோர் கடுமையாக மறுத்து எழுதினார்.

இந்த வழக்குகளை நம் துறையில் பேசும்போது இரண்டு கருத்துகள் எழுகின்றன. இரண்டோடும் எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு.

முதலாவது, இது அமெரிக்கர்களின் சண்டை, நமக்கென்ன என்பது. மூத்த பேராசிரியர் ஒருவர் முந்தைய கருத்தரங்கு ஒன்றில் இப்படிச் சொன்னார். அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் அவருக்கு 1968இன் பிக்கி பார்க் வழக்கை நினைவூட்ட விரும்புகிறேன். தென் கரோலினாவில் உணவகங்கள் நடத்திய ஒருவர், கறுப்பின மக்களை மற்றவர்களோடு உட்கார வைத்துப் பரிமாறுவது தம் சமயத்துக்கு விரோதம் என்று வாதிட்டார். சமையலறைச் சன்னலில் வாங்கிக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிடலாம் என்பது அவர் கடை ஏற்பாடு. அந்தச் சமய வாதத்தை நீதிமன்றம் அடிக்குறிப்பு ஒன்றில், பொருட்படுத்தத் தகாதது என்று தள்ளிவிட்டது. இரட்டைக் குவளைகளை வைத்திருந்த தேநீர்க்கடைகளைக் கண்ட தமிழகத்துக்கு இந்தச் சன்னல் அந்நியமானதா?

இரண்டாவது கருத்து இளைய நண்பர்களுடையது. பேச்சுரிமை வாதம் வெறும் முகமூடி, அதற்குள் வெறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது. இதையும் நான் ஏற்கவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் 2014இல் ஒரு வாடிக்கையாளர், தன்பால் திருமணத்தை ஆதரிக்கும் முழக்கத்தை கேக்கில் எழுதித் தரும்படி ஆஷர்ஸ் என்ற அடுமனையில் கேட்டார். உரிமையாளர்கள் மறுத்தார்கள். 2018 அக்டோபர் 10 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவர்கள் ஆளை மறுக்கவில்லை, வாசகத்தை மறுத்தார்கள், அதே வாசகத்தை யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார்கள் என்பது தலைமை நீதிபதி ஹேல் காட்டிய காரணம். எனக்கு அது சரியான தீர்ப்பு. சாதிப் பெருமை பேசும் சுவரொட்டியை அச்சிட மறுக்கும் அச்சகத்தாருக்கு அந்த உரிமை வேண்டுமென்றால், ஆஷர்ஸ் உரிமையாளர்களுக்கும் அது வேண்டும்.

அப்படியானால் கோட்டை எங்கே போடுவது? நாம் எடுத்துப் படிக்கத் தவறிய ஒரு சான்று இதற்கு விடை சொல்கிறது. உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை அதற்கே கேட்கிறேன்.

1948 நவம்பர் 29. இன்றைய 15 ஆம் கூறின் வரைவு அரசமைப்பு அவையில் விவாதிக்கப்படுகிறது. கடைகளில் பாகுபாடு கூடாது என்கிறீர்களே, சலவைக்கடையும் முடிதிருத்தகமும் அதில் சேருமா என்ற கேள்வி எழுகிறது. தம்மிடம் வந்து கேட்கும் எவருக்கும் பணி செய்ய ஒருவர் ஆயத்தமாக இருக்கும் இடம் எதுவோ அதுவே கடை என்று அம்பேத்கர் விடை தருகிறார். மருத்துவரும் வழக்கறிஞரும் அடங்குவார்களா என்று கேட்டபோது, பணி செய்ய முன்வரும் எவரும் அடங்குவார் என்கிறார். உள்ளே நுழைய விடுவதோடு கடமை தீராது, பணியின் நிபந்தனைகள் ஒத்துப்போனால் அந்தப் பணியையே கேட்டுப் பெறலாம் என்றும் தெளிவாக்குகிறார்.

இதை நான் முன்பு கட்டுரையாக எழுதியபோது, அவை நடுவே போகிற போக்கில் சொன்ன பதில் சட்டமாகாது என்று மதிப்பாய்வாளர் ஒருவர் எழுதினார். 2011இன் இந்திய மருத்துவச் சங்க வழக்கை அன்புடன் அவர் பார்வைக்கு வைக்கிறேன். இந்தப் பதிலை எடுத்துக்கொண்டுதான் நம் உச்ச நீதிமன்றம் கடைகளைப் பற்றிய 15(2)ஐ விரிவாகப் படித்தது, தனியார் கல்வி நிறுவனத்தையும் அதற்குள் கொண்டுவந்தது.

அந்தப் பதிலின்படி, ஒருவருக்குக் கடமை வருவது அவர் செய்யும் தொழிலின் தன்மையால் அன்று. எல்லாருக்கும் செய்வேன் என்று அவர் முன்வந்ததால். கலைத்திறன் வேண்டிய தொழிலா, வேண்டாத தொழிலா என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லை. அதேவேளை நிபந்தனைகளை வகுக்கும் உரிமை கடைக்காரரிடம் இருக்கிறது. என்ன விலை, எந்த வடிவங்கள், எந்த வாசகங்களை எழுத மாட்டேன் என்பதெல்லாம் அவர் முடிவு. அவை வருகிற எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் கட்டுப்பாடு. ஆஷர்ஸ் இதில் தேறும். ஒரே கேக்கை ஓர் இணையருக்கு விற்று இன்னோர் இணையருக்கு மறுக்கும் லேக்வுட் கடை தேறாது. 303 கிரியேட்டிவில் நடந்த பிழையும் இங்கே துலங்குகிறது. மணமக்கள் பெயரும் நாளும் மண்டபமும் கொண்ட ஒரு பக்கத்தை, பெயர்கள் மட்டும் மாறும்போது மறுத்தால், மறுக்கப்படுவது கருத்து அன்று, அந்தப் பெயருக்கு உரியவர்கள்.

நம் அரசமைப்பு இதற்கு இன்னும் வலுவான துணை தருகிறது. சமய உரிமை தரும் 25(1), அடிப்படை உரிமைப் பகுதியின் பிற கூறுகளுக்கு உட்பட்டே அதைத் தருகிறது. அந்தப் பிற கூறுகளில் 15(2)உம் ஒன்று. ஆகவே நம்பிக்கையைக் காட்டி ஆளை மறுக்கும் வாதம் இங்கே வாசலிலேயே நின்றுவிடும். 19(1)(அ) தரும் பேச்சுரிமை அப்படி அன்று. நாளை நம் நீதிமன்றங்களில் உண்மையான போர் அங்கேதான் நடக்கும். ஆளுக்கும் வாசகத்துக்கும் இடையிலான கோட்டை இன்றே தெளிவாகப் போட்டுவைக்கச் சொல்வது அதனால்தான்.

15(2) சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைத்தான் சொல்கிறது, பாலீர்ப்பைச் சொல்லவில்லை என்பீர்கள். பாலீர்ப்பும் ‘பால்’ என்பதற்கு ஒப்பான காரணமே என்று, தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்த நாஸ் வழக்கில் 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 15(2) தனியாரையும் கட்டுப்படுத்தும் என்று அதே தீர்ப்பு குறித்தது. 2013இல் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு வீழ்ந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றத்தின் நவ்தேஜ் ஜோஹர் தீர்ப்பு அந்த வீழ்ச்சியை நீக்கியது. இருந்தும் கடையில் மறுக்கப்பட்ட தன்பாலீர்ப்பாளர் ஒருவர் கையில் எடுக்கத் தனிச்சட்டம் இல்லை. தீண்டாமைக்கு எதிராக 1955இன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. திருநர்களுக்கு 2019இன் சட்டம் பணி மறுப்பைத் தடை செய்கிறது. இவர்களுக்கு மட்டும் அரசமைப்பின் ஒரு வரியும் நீண்ட ரிட் மனுவும்தான்.

ஆகவே இந்தக் கருத்தரங்கு ஆய்வோடு நிற்காமல் ஒரு வரைவையும் ஆக்கித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாலீர்ப்பைக் காரணம் காட்டிப் பணி மறுப்பது குற்றம் என்று அது சொல்லட்டும். தமக்கு ஒவ்வாத வாசகத்தை எவருக்கும் எழுத மறுக்கும் உரிமையையும் அதே சட்டம் காக்கட்டும். இரண்டையும் ஒரே சட்டத்தில் எழுத முடியாது என்பவர்கள் இந்த மேடைக்கு வந்து காரணம் சொல்லட்டும். முடியும் என்பது என் உறுதியான கருத்து. அந்த வாதத்தை அழைத்து இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.